கீல் எந்தப் பக்கம் தள்ளுகிறது?

கடைகளின் முகப்பிலிருந்து தெருவை நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் பெயர்ப்பலகைகள் பலவற்றின் அமைப்பு ஒன்றுதான். சுவரில் பதித்த கீலிலிருந்து ஓர் இரும்புத் தண்டு கிடைமட்டமாக வெளியே வருகிறது. அதன் மறுமுனையிலிருந்து ஒரு கம்பி சாய்வாக மேலேறிச் சுவரில் இன்னும் உயரமான ஓரிடத்தில் கட்டப்பட்டிருக்கிறது. பலகை தண்டிலிருந்து தொங்குகிறது. மேனிலைப் பள்ளி இயற்பியலிலும் பொறியியல் முதலாண்டுப் பாடத்திலும் வரும் ‘கீலில் பொருத்திய தண்டு’ கணக்கு இதுவே. மூன்று சமன்பாடுகள், மூன்று தெரியாத அளவுகள் என்று பார்த்தால் இதில் கடினம் எதுவும் இல்லை. ஆனாலும் கம்பியின் இழுவிசையைச் சரியாகக் கண்டுபிடித்த மாணவர் பலரும் அடுத்த வரியிலேயே, கீல் தண்டின்மீது செலுத்தும் விசையைத் தண்டின் நீளவாக்கில் ஓர் அம்புக்குறியாக வரைந்துவிடுகிறார்கள். அந்த அம்புக்குறி பெரும்பாலும் தவறானது. கீல் எந்தத் திசையில் தள்ளும் அல்லது இழுக்கும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட முடியாது என்பதும், அதைச் சமநிலைச் சமன்பாடுகளே சொல்ல வேண்டும் என்பதும்தான் இக்கணக்கின் உயிர்நாடி.

முதலில் கீல் என்ன செய்யும், என்ன செய்யாது என்பதைப் பிரித்துக்கொள்வோம். கீலின் நடுவே உள்ள முளை, தண்டின் முனை எந்தப் பக்கம் நகர முயன்றாலும் தடுத்துவிடும்; ஆகவே தாளின் தளத்தில் எந்தத் திசையிலும் எவ்வளவு விசையையும் அது கொடுக்கலாம். ஆனால் தண்டு முளையைச் சுற்றித் திரும்புவதை அது தடுக்காது. ஆகவே கீலால் திருப்புவிசை எதையும், அதாவது ஒரு புள்ளியைச் சுற்றித் திருப்பும் விளைவு எதையும் (விசையை, அப்புள்ளியிலிருந்து விசையின் கோட்டுக்கு உள்ள செங்குத்துத் தொலைவால் பெருக்கினால் வருவது), கொடுக்க முடியாது. துருப்பிடித்த கீல் கொஞ்சம் தடுக்கத்தானே செய்யும் என்ற ஐயம் நியாயமானதே. அதையும் கீழே வரும் எண்களைக் கொண்டே அளந்து பார்த்துவிடலாம். முளையின் ஆரம் 5 மில்லிமீட்டர், உராய்வுக் கெழு 0.3, கீலில் செயல்படும் விசை சுமார் 360 நியூட்டன் என்றால், உராய்வு கொடுக்கக்கூடிய திருப்புவிசை அதிகபட்சம் 360 × 0.3 × 0.005, அதாவது ஏறத்தாழ அரை நியூட்டன் மீட்டர்தான். அதே தண்டில் எடைகள் உண்டாக்கும் திருப்புவிசையோ 400 நியூட்டன் மீட்டர். எண்ணூறில் ஒரு பங்கு என்பதால் உராய்வைத் தயக்கமின்றி விட்டுவிடலாம்.

இனி எண்களுக்கு வருவோம். தண்டின் நீளம் 2 மீட்டர், நிறை 10 கிலோகிராம். அது சீரான தண்டு என்பதால் அதன் எடை முழுவதும் நடுவில், கீலிலிருந்து 1 மீட்டர் தொலைவில் செயல்படுவதாகக் கொள்ளலாம். பலகையின் நிறை 20 கிலோகிராம். அதன் எடை கீலிலிருந்து 1.5 மீட்டர் தொலைவில் செயல்படுகிறது. கம்பி தண்டின் வெளிமுனையில் கட்டப்பட்டுத் தண்டுடன் 30° கோணத்தில் மேலேறுகிறது. புவியீர்ப்பு முடுக்கத்தை 10 மீ/வி² என்று எடுத்துக்கொண்டால் இரண்டு எடைகளும் முறையே 100 நியூட்டன், 200 நியூட்டன் ஆகின்றன. தனித்த பொருளின் விசைப்படத்தில் தண்டை மட்டும் வரைந்தால், அதன்மீது இந்த இரண்டு எடைகளும், கம்பியின் இழுவிசையும், கீலின் விசையும் இருக்கும். கீலின் விசை எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரியாததால் அதை ஒரே அம்பாக வரையாமல், கிடைமட்டக் கூறு, நிலைக்குத்துக் கூறு என இரண்டாகப் போட வேண்டும். இந்த ஒரு பழக்கம் இருந்தால் மேலே சொன்ன தவறு நேராது.

கீலைப் பொறுத்துத் திருப்புவிசை எடுத்தால், கீலின் இரண்டு கூறுகளும் அப்புள்ளி வழியாகவே செல்வதால் கணக்கிலிருந்து விலகிவிடுகின்றன. எடைகள் வலஞ்சுழியாகத் தரும் திருப்புவிசை 100 × 1 + 200 × 1.5 = 400 நியூட்டன் மீட்டர். கம்பி இடஞ்சுழியாகத் தர வேண்டியதும் அதே அளவு. கீலிலிருந்து கம்பியின் கோட்டுக்கு உள்ள செங்குத்துத் தொலைவு 2 × சைன் 30° = 1 மீட்டர்; எனவே இழுவிசை 400 நியூட்டன். இதையே வேறு விதமாகவும் பெறலாம். கம்பியின் இழுவிசையை இரண்டு கூறுகளாகப் பிரித்தால் கிடைமட்டக் கூறு தண்டின் வழியாகவே கீலுக்குச் செல்வதால் அதற்குத் திருப்புவிசை இல்லை. நிலைக்குத்துக் கூறு மட்டும் 2 மீட்டர் தொலைவில் நின்று திருப்புகிறது. இரண்டு வழிகளும் ஒரே விடையைத் தரும் என்று உறுதியளிப்பது, பிரெஞ்சுக் கணிதவியலாளர் வரிக்னனின் பெயரால் வழங்கும் தேற்றம்: ஒரு விசையின் திருப்புவிசை, அதன் கூறுகளின் திருப்புவிசைகளுடைய கூட்டுத்தொகைக்குச் சமம்.

இழுவிசை கிடைத்துவிட்டால் மீதி இரண்டு வரிகள். கம்பி தண்டைச் சுவரை நோக்கி 400 × கொசைன் 30°, அதாவது 346 நியூட்டன் விசையால் இழுக்கிறது. ஆகவே கீல் தண்டைச் சுவரிலிருந்து வெளியே 346 நியூட்டன் தள்ள வேண்டும். கம்பி மேல்நோக்கித் தாங்குவது 200 நியூட்டன். மொத்த எடை 300 நியூட்டன். ஆகவே மீதி 100 நியூட்டனைக் கீல் மேல்நோக்கித் தாங்குகிறது. இரண்டு கூறுகளையும் சேர்த்தால் கீலின் விசை சுமார் 361 நியூட்டன்; தண்டுக்கு மேலே 16° சாய்ந்த திசையில். தண்டின் திசையில் இல்லை.

அப்படியானால் நீளவாக்கு அம்புக்குறி என்ற பழக்கம் எங்கிருந்து வருகிறது? ‘எடையற்ற தண்டு’ என்று தொடங்கும் பயிற்சிக் கணக்குகளிலிருந்துதான் என்று நினைக்கிறேன். தண்டுக்கு எடை இல்லை, சுமையும் கம்பியும் ஒரே முனையில் இருக்கின்றன என்றால், தண்டின்மீது இரண்டு இடங்களில் மட்டுமே விசை செயல்படும். இரண்டு விசைகள் மட்டும் ஒரு பொருளைச் சமநிலையில் வைக்க வேண்டுமானால் அவை ஒரே கோட்டில், எதிரெதிராக இருந்தாக வேண்டும். அந்தக் கோடு தண்டேதான். தண்டுக்கு எடை வந்தவுடனோ, சுமை முனையிலிருந்து சற்று உள்ளே நகர்ந்தவுடனோ அந்த நிபந்தனை போய்விடுகிறது. முதல் சில கணக்குகளில் எளிமைக்காகச் செய்த ஏற்பாடு, விதியாக மனத்தில் பதிந்துவிடுகிறது.

இன்னொரு மயக்கமும் உண்டு. திருப்புவிசையைக் கீலைப் பொறுத்தே எடுக்க வேண்டும், ஏனென்றால் தண்டு அங்கேதான் திரும்பும் என்று பலரும் நம்புகிறார்கள். சமநிலையில் இருக்கும் தண்டு எங்கும் திரும்பவில்லை. தொகுபயன் விசை, அதாவது எல்லா விசைகளும் சேர்ந்த மொத்த விசை, சுழியாக இருக்கும்போது, நாம் எடுக்கும் புள்ளியை எவ்வளவு தூரம் நகர்த்தினாலும் மொத்தத் திருப்புவிசை மாறாது. ஏனெனில் அந்த மாற்றம், நகர்த்திய தொலைவையும் தொகுபயன் விசையையும் பெருக்குவதால் வருவது. எனவே புள்ளியைத் தேர்ந்தெடுப்பது முழுக்க நம் வசதி. இந்த உரிமையை முழுமையாகப் பயன்படுத்தினால் கணக்கின் தோற்றமே மாறிவிடும்.

தண்டின் வெளிமுனையைப் புள்ளியாக எடுத்துப் பாருங்கள். கம்பி அதன் வழியாகச் செல்வதால் இழுவிசை மறைந்துவிடும். கீலின் கிடைமட்டக் கூறும் மறைந்துவிடும். மீதமிருப்பது கீலின் நிலைக்குத்துக் கூறு 2 மீட்டர் தொலைவில், தண்டின் எடை 1 மீட்டர் தொலைவில், பலகையின் எடை அரை மீட்டர் தொலைவில். 100 × 1 + 200 × 0.5 = 200 என்பதை 2 ஆல் வகுத்தால் நிலைக்குத்துக் கூறு 100 நியூட்டன் என்று நேரடியாகக் கிடைக்கிறது. இழுவிசை எவ்வளவு, கம்பியின் கோணம் எவ்வளவு என்று எதுவுமே கேட்க வேண்டியிருக்கவில்லை. அதனாலேயே, கம்பியை எந்தக் கோணத்தில் கட்டினாலும் அந்த 100 நியூட்டன் மாறாது என்பதும் கூடவே தெரிந்துவிடுகிறது. அடுத்து, கம்பி சுவரைத் தொடும் இடத்தைப் புள்ளியாக எடுக்கலாம். அது கீலுக்கு மேலே 2 × டேன் 30°, அதாவது 1.155 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து பார்த்தால் இழுவிசையும் கீலின் நிலைக்குத்துக் கூறும் மறைந்து, கிடைமட்டக் கூறு மட்டும் நிற்கிறது: 400 ÷ 1.155 = 346 நியூட்டன். மூன்று புள்ளிகள், மூன்று தெரியாத அளவுகள். ஒவ்வொன்றும் மற்றதன் துணையில்லாமல் கிடைத்துவிட்டது. ஒன்றில் தவறு செய்தால் அடுத்ததற்கும் அது தொற்றாது. விசைகளின் கூட்டுத்தொகையைச் சரிபார்ப்பதற்கென்று தனியாக வைத்துக்கொள்ளலாம். தேர்வெழுதும் மாணவருக்கு இதைவிடப் பயனுள்ள பழக்கம் இந்தப் பாடத்தில் வேறில்லை என்பது என் கருத்து. எச்சரிக்கை ஒன்று: மூன்று புள்ளிகளும் ஒரே நேர்கோட்டில் இருக்கக் கூடாது. மூன்றையும் தண்டின்மேலேயே எடுத்தால், தண்டின் வழியாகச் செல்லும் கிடைமட்ட விசை எந்தச் சமன்பாட்டிலும் தலைகாட்டாது. மூன்றாவது சமன்பாடு முதல் இரண்டிலிருந்து பெறக்கூடியதாகவே இருக்கும்.

விடையை வரைபடம் மூலமும் சோதிக்கலாம். இரண்டு எடைகளையும் சேர்த்து 300 நியூட்டன் கொண்ட ஒரே விசையாக்கினால், அது கீலிலிருந்து 400 ÷ 300 = 1.333 மீட்டர் தொலைவில் செயல்படும். இப்போது தண்டின்மீது மூன்று விசைகள்தான். இணையாக இல்லாத மூன்று விசைகள் சமநிலையில் இருந்தால் அவற்றின் கோடுகள் ஒரே புள்ளியில் சந்திக்க வேண்டும். கம்பியின் கோடு, 1.333 மீட்டர் தொலைவில் தண்டுக்கு மேலே 0.385 மீட்டர் உயரத்தில் செல்கிறது. கீலிலிருந்து 16.1° சாய்வில் புறப்படும் கோடும் அதே தொலைவில் அதே உயரத்தை அடைகிறது. கீல் விசையின் திசை ஏன் தண்டின் திசையாக இருக்க முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் கிடையாது: அது சந்திப்புப் புள்ளியைக் குறிவைத்தே ஆக வேண்டும், அந்தப் புள்ளியோ தண்டுக்கு மேலே இருக்கிறது.

கம்பியின் கோணத்தைக் குறைத்தால் என்ன ஆகும் என்பது பலகை மாட்டுபவர்களுக்கும் தேவைப்படும் செய்தி. கம்பி தாங்க வேண்டிய நிலைக்குத்து விசை எப்போதும் 200 நியூட்டன்தான். அதைக் கோணத்தின் சைனால் வகுத்தால் இழுவிசை. 60° கோணத்தில் அது 231 நியூட்டன். 30° கோணத்தில் 400. 10° கோணத்தில் 1,152. பார்வைக்கு உறுத்தாமல் இருக்கட்டும் என்று கம்பியைத் தண்டோடு ஒட்டினாற்போல் கட்டினால், 30 கிலோகிராம் நிறையைத் தாங்கும் கம்பியில் நூறு கிலோகிராமுக்கும் அதிகமான நிறையைத் தொங்கவிட்டது போன்ற இழுவிசை வந்துவிடும். கோணம் சுழியை நெருங்கும்போது இழுவிசைக்கு எல்லையே இல்லை.

கம்பியே வேண்டாம், தண்டைச் சுவரில் ஒரு தகட்டோடு பற்றவைத்துவிடலாம் என்று நினைப்பவர்கள் மேலே வந்த 400 நியூட்டன் மீட்டரை மறந்துவிடக் கூடாது. அந்தத் திருப்புவிசை எங்கும் போய்விடாது. அதைச் சுவர் தாங்கித்தான் ஆக வேண்டும். தகட்டின் மேல் போல்ட்டுக்கும் கீழ் போல்ட்டுக்கும் இடையே 10 சென்டிமீட்டர் இடைவெளி இருந்தால், மேல் போல்ட்டைச் சுவரிலிருந்து பிடுங்க முயலும் விசை ஏறத்தாழ 400 ÷ 0.1 = 4,000 நியூட்டன். கம்பி கட்டிய அமைப்பில் நடப்பதும் இதே கணக்குதான். ஆனால் அங்கே மேல் பிடிப்புக்கும் கீலுக்கும் இடையே 1.155 மீட்டர் இடைவெளி இருப்பதால் விசை 346 நியூட்டனாகச் சுருங்கிவிடுகிறது. கம்பி செய்யும் வேலை, சுவரின் இரண்டு பிடிப்புகளை விலக்கி வைப்பது என்றே சொல்லலாம். இந்த இரண்டு பிடிப்புகளிலும் சுவரிலிருந்து பிடுங்கப்படுவது மேலே இருப்பது மட்டுமே. கீல் சுவரோடு அழுத்தப்படுகிறது. நல்ல போல்ட் ஒன்றுதான் கையில் இருக்கிறது என்றால் அதை எங்கே போட வேண்டும் என்பதில் ஐயமில்லை.

இதுவரை கீல் மேல்நோக்கித் தாங்கியது. எப்போதும் அப்படியல்ல. கம்பியை வெளிமுனையில் கட்டாமல் கீலிலிருந்து 1.2 மீட்டரில், அதே 30° கோணத்தில் கட்டி, பலகையை 1.8 மீட்டர் தொலைவுக்குத் தள்ளினால், எடைகளின் திருப்புவிசை 100 × 1 + 200 × 1.8 = 460 நியூட்டன் மீட்டர். கம்பியின் நிலைக்குத்துக் கூறு 460 ÷ 1.2, அதாவது 383 நியூட்டன். மொத்த எடையே 300 நியூட்டன்தான். ஆகவே கீல் தண்டைக் கீழ்நோக்கி 83 நியூட்டன் இழுத்துப் பிடிக்க வேண்டும். கணக்கில் இது எதிர்க்குறியாக வந்து நிற்கும். எதிர்க்குறியைக் கண்டதும் எங்கோ பிசகிவிட்டது என்று அழித்துவிடுபவர்கள் உண்டு. நாம் ஊகித்த திசைக்கு எதிர்த்திசையில் விசை இருக்கிறது என்பது மட்டுமே அதன் பொருள். தொடக்கத்தில் அம்பை எந்தப் பக்கம் வரைந்தாலும் இறுதியில் குறி உண்மையைச் சொல்லிவிடும்.

இந்த எதிர்த்திசை விசையின் எல்லை மீறிய வடிவம் நம் கையிலேயே இருக்கிறது. மேல்கையை நிலைக்குத்தாகவும் முன்கையைக் கிடைமட்டமாகவும் வைத்து உள்ளங்கையில் 5 கிலோகிராம் நிறையை ஏந்தினால், முழங்கை மூட்டு கீல், முன்கை தண்டு, மேல்கையின் இருதலைத் தசை கம்பி. தசை முன்கை எலும்பில் இணையும் இடம் மூட்டிலிருந்து சுமார் 4 சென்டிமீட்டரில் இருக்க, சுமையோ 35 சென்டிமீட்டரில் இருக்கிறது. முன்கையின் எடையை 15 நியூட்டன் என்றும், அது 15 சென்டிமீட்டரில் செயல்படுகிறது என்றும் கொண்டால், திருப்புவிசை 15 × 0.15 + 50 × 0.35 = 19.75 நியூட்டன் மீட்டர், இதை 0.04 மீட்டரால் வகுத்தால் தசையின் இழுவிசை சுமார் 494 நியூட்டன். ஏந்தியிருப்பது 50 நியூட்டன். தசை இழுப்பது அதைப்போல் பத்து மடங்கு. மூட்டில் மேல்கை எலும்பு முன்கையைக் கீழ்நோக்கி அழுத்தும் விசை 429 நியூட்டன். தசைகள் தாம் தூக்கும் சுமையைவிடப் பன்மடங்கு விசையைச் செலுத்துகின்றன என்பதை, நெம்புகோல் விதியை எலும்புகளுக்குப் பொருத்தி 17ஆம் நூற்றாண்டில் இத்தாலிய அறிஞர் ஜியோவன்னி போரெல்லி விரிவாகக் காட்டினார். 1679இல் அவர் இறந்த பிறகே அந்த ஆய்வு அச்சேறியது. விசையில் இழப்பதை அசைவில் ஈடுசெய்துகொள்ளும் ஏற்பாடு இது: தசை ஒரு சென்டிமீட்டர் சுருங்கினால் உள்ளங்கை ஏறத்தாழ ஒன்பது சென்டிமீட்டர் உயரும்.

மூன்று சமன்பாடுகள் போதாமல் போகும் இடமும் உண்டு; அதற்குக் கதவைப் பார்த்தால் போதும். 40 கிலோகிராம் நிறையும் 0.9 மீட்டர் அகலமும் கொண்ட கதவு, 1.6 மீட்டர் இடைவெளியில் உள்ள இரண்டு கீல்களில் தொங்குகிறது. எடையின் திருப்புவிசை 400 × 0.45 = 180 நியூட்டன் மீட்டர்; எனவே மேல் கீல் கதவை நிலைச்சட்டத்தை நோக்கி 112.5 நியூட்டன் இழுக்க, கீழ்க் கீல் அதே அளவு வெளியே தள்ளுகிறது. ஆனால் 400 நியூட்டன் எடையில் மேல் கீல் எவ்வளவு தாங்குகிறது, கீழ்க் கீல் எவ்வளவு தாங்குகிறது என்று கேட்டால், சமநிலைச் சமன்பாடுகள் இரண்டின் கூட்டுத்தொகையை மட்டுமே சொல்லும். பங்கீட்டைத் தீர்மானிப்பது தச்சர் கீல்களை எவ்வளவு துல்லியமாகப் பொருத்தினார் என்பதும், மரமும் இரும்பும் எவ்வளவு நெகிழ்கின்றன என்பதும்தான். கிடைமட்ட விசைகளிலோ அந்தக் குழப்பம் இல்லை. பழைய கதவுகளில் மேல் கீலின் திருகுகள்தாம் முதலில் கழன்று வரப் பார்க்கின்றன என்பதற்கு அந்த 112.5 நியூட்டன் இழுப்பே காரணம்.

புள்ளியை விருப்பம்போல் தேர்ந்தெடுக்கும் உரிமை சமநிலை இருக்கும்வரைதான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பலகையைக் கழற்றிவிட்டு 100 நியூட்டன் எடையுள்ள தண்டை மட்டும் அதே கம்பியால் தாங்கினால், இழுவிசை 100 நியூட்டன், கீலின் கிடைமட்டக் கூறு 86.6 நியூட்டன், நிலைக்குத்துக் கூறு 50 நியூட்டன். இப்போது கம்பி அறுந்துவிட்டதாகக் கொள்வோம். அறுந்த அந்தக் கணத்தில் தண்டு இன்னும் அசையத் தொடங்கவில்லை என்பதால், கிடைமட்டக் கூறு உடனே சுழியாகிவிடும். நிலைக்குத்துக் கூறு 50 நியூட்டனாகவே இருக்கும் என்று தோன்றலாம். வெளிமுனையைப் புள்ளியாக எடுத்துப் பழையபடி கணக்கிட்டாலும் அதே 50தான் வரும். ஆனால் தொகுபயன் விசை இப்போது சுழி அல்ல. வெளிமுனையே முடுக்கம் பெறத் தொடங்கிவிட்டது. நிலையான கீலைப் பொறுத்துத்தான் இனிக் கணக்கிட வேண்டும். எடையின் திருப்புவிசை 100 நியூட்டன் மீட்டர். முனையைப் பொறுத்துத் தண்டின் நிலைமத் திருப்புத்திறன் (சுழற்சி வேகம் மாறுவதைத் தண்டு எவ்வளவு எதிர்க்கிறது என்பதன் அளவு), நிறையையும் நீளத்தின் இருமடியையும் பெருக்கி மூன்றால் வகுத்தால் வரும் 13.33 கிலோகிராம் மீ². கோண முடுக்கம் 7.5 ரேடியன்/வி². தண்டின் நடுப்புள்ளி 7.5 மீ/வி² முடுக்கத்துடன் கீழிறங்குவதற்கு 75 நியூட்டன் தொகுபயன் விசை வேண்டும். 100 நியூட்டன் எடையில் 75 அதற்குச் செலவாகிவிட, கீல் தாங்குவது 25 நியூட்டன் மட்டுமே. அறுவதற்கு முன்பு நிலைக்குத்தாகத் தாங்கியதில் சரிபாதி.